சிலுவையிலிருந்து இறக்கும் படமும் அப்பாவும்

அந்த நாட்களை நினைத்தாலே எங்கள் வீட்டுத் தைல வாசனை மூக்கில் ஏறிவிடுகிறது...

திருவொற்றியூரில் மூன்றாவது மாடி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. ஹார்பரில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை பார்த்தவர். அவர் விரல் அசைந்தால்தான் லோடு அசையும். அப்படிப்பட்ட மனிதர், கீழே இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"நாலு பேரு தூக்கினு போறதுக்கு நான் இன்னா பொணமா?"

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மண்டபத்துக்கும் வரமாட்டாராம். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன்... ம்ஹூம்.

அவர் போகிற ஒரே இடம் அதே மாடியில் எதிர் வீடு. கீழே மளிகைக்கடை வைத்திருந்த ஸ்டெல்லா அக்கா வீடு, திருநெல்வேலிக்காரர்கள். அங்கே டிவிக்கு மேலே ஒரு பழைய படம். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்செடுத்தது. இறந்துபோன இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள்.

ஒருநாள் அப்பா கேட்டேவிட்டார். "இன்னாம்மா, சாமின்னா கெத்தா இருக்க வாணாமா? இப்டி தொங்க வுட்டுகீறாங்க?"

அக்கா சிரித்தார். "அவரே தன்னை ஒப்புக்கொடுத்தாருல்லா அண்ணாச்சி... அதைவிடக் கெத்து என்ன இருக்கு?"

அதன்பிறகு அப்பா டிவியை விட்டுவிட்டுப் படத்தையே பார்ப்பார்.

"மேல கீற கெய்வனைப் பாரு... துணிய பல்லால கவ்விகினு கீறான். ஏத்துறது ஈஸிம்மா, எறக்கறதுதான் பேஜாரு. அத்தினி பேரும் பலசாலிங்க. ஆனா எல்லார் கண்ணும் அந்த ஒடம்பு மேலதான் கீது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் அவரே சொன்னார், "சேர் எட்த்தாங்கடா."

தம்பியும் அவன் தோஸ்துகள் மூன்று பேரும் பிளாஸ்டிக் சேரோடு தூக்கினார்கள். அப்பாவின் வலது கை தானாக மேலே போனது. "ஸ்லோ... ஸ்லோ... முன்னாடி தாழ்த்தாத நைனா..." பழைய அதிகாரம் அப்படியே இருந்தது!

இரண்டாவது மாடித் திருப்பம் ரொம்பக் குறுகல். சேர் சாய்ந்தது.

அப்பா கையைக் கீழே போட்டார். பின்னால் பிடித்திருந்த தம்பியின் நெஞ்சில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே நான் ஒண்ணியும் சொல்லல... நீங்களே எறக்குங்கப்பா."

பட்டுப்புடவையோடு பின்னால் வந்த நான் அங்கேயே அழுதுவிட்டேன். என் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அப்பா இல்லை. நான் எர்ணாவூரில் லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். பட்டனை அழுத்தினால் போதும், யார் தயவும் வேண்டாம். வசதிதான்.

போன வாரம் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. முட்டி வலியோடு படியில் தடுமாறினேன். மகள் கை நீட்டினாள்.

"வாணாம்மா, நானே வந்துருவேன்" என்றேன்...

அப்பாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.