பலகை எடுத்த இடத்தைக் காட்டிய ஆத்தா

ஆத்தாளை நம்பி வாழும் அண்ணன்மார்களே, அக்காமார்களே,

ஈப்போ கடைத்தெருவில் நிற்கும் என் மாடிக் கடையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிம்பாங் பூலாய் போகிற வழியில் எந்த வெள்ளத்துக்கும் அசையாத பாலம் ஒன்று இருக்கிறது. அது நான் போட்டது. செமோர் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளிகள் குடியிருக்க நான் கட்டிக் கொடுத்த லயங்களின் கூரை ஒன்றுகூட இன்றுவரை இறங்கவில்லை. புந்தோங்கில் தகரக் கொட்டகையில் நனைந்துகொண்டிருந்த நம் மாரியம்மனுக்குச் செங்கல் மண்டபம் எழுப்பியவனும் நானே. மணலில் எழுதிப் பழகியதோடு என் படிப்பு முடிந்தது. கப்பலை விட்டு இறங்கும்போது ஒரு வேட்டியும் பட்டாளத்துச் சட்டை ஒன்றும்தான் இருந்தன. மற்றதெல்லாம் இந்தக் கை செய்தது.

வீராசாமி கட்டினால் விழாது என்று சீன முதலாளிகள், அந்தத் தவுக்கேகள்கூடச் சொல்வார்கள். மற்றவன் ஒரு முட்டுப் பலகை கொடுக்கும் இடத்தில் நான் மூன்று கொடுப்பேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இனிப் பொய் வேண்டாம்.

வெள்ளைக்காரன் துருக்கியோடு போட்ட பெரிய சண்டையில் நான் பஸ்ராவுக்கு அப்பால், பாலைவனத்தில் பள்ளம் வெட்டுகிற பட்டாளத்தில் நாயக்காக, சிப்பாய்களுக்கு ஒரு படி மேலே இருந்தேன். என் கீழே மருதை, சடையன் என்று இரண்டு பேர். மூவரும் திருச்சி ஜில்லாக்காரர்கள், ஒரே கூடாரம். மாதக்கணக்கில் ரொட்டி தின்று நாக்குச் செத்துப்போயிருந்த சமயத்தில் தை பிறந்தது. மருதை எங்கோ போய்க் கொஞ்சம் பச்சரிசி வாங்கி வந்தான். வெல்லத்துக்குப் பதில் பேரீச்சம்பழம். விறகுதான் இல்லை. அந்த ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி கிடையாது. பள்ளத்தின் சுவர் சரியாமல் இருக்கப் பலகை அடித்திருந்தோம். அதில் இரண்டை மருதையிடம் உருவச் சொன்னவன் நான். நாயக் சொன்னால் யார் மறுப்பது?

பானை பொங்குகிற நேரம், விட்டுவந்த மண்வெட்டியை எடுக்கச் சடையன் பள்ளத்தில் இறங்கினான். மணல் சத்தமே இல்லாமல் அவன் மேல் இறங்கியது. ஓடிப்போய்க் கையால் தோண்டினோம். எங்கள் மேலதிகாரி சுபேதார் வருவது தெரிந்தது. நிறுத்திவிட்டோம். ஆள் புதைந்தான் என்றால் எல்லோரும் தோண்டுவார்கள், பலகை இல்லாதது தெரிந்துவிடும், எங்களுக்குப் பட்டாளக் கோர்ட்டு. சடையன் ஆற்றுப் பக்கம் போனான், திரும்பவில்லை என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னோம். மறுநாள் படை அந்த இடத்தை விட்டு நகர்ந்தது. சடையன் ஓடிப்போனவன் என்று முடிவாயிற்று.

சண்டை முடிந்து நானும் மருதையும் இந்தப் பேராக்குக்கு வந்தோம். நான் காண்ட்ராக்டரானேன், அவன் என் ஆட்களை மேய்க்கும் தண்டல். அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை. ஆனால் மருதையால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பான். நானோ ஒரு வேலை முடிவதற்குள் அடுத்ததை எடுத்துவிடுவேன். சும்மா இருந்தால் காதுக்குள் மணல் இறங்கும். ஊரார் அதை உழைப்பு என்றார்கள்.

போன ஆவணியில் செமோர் தோட்டத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் காத்தாயி என்று ஒருத்தி. புருஷன் பட்டாளத்தை விட்டு ஓடி மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறான் என்று ஊரில் யாரோ சொல்ல, அதை நம்பிக் கப்பல் ஏறியவள். லயம் பழுதுபார்க்க நாங்கள் போயிருந்தபோது நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க பஸ்ராவுக்குப் போனவுகளாமே. சடையன்னு ஒரு ஆளு. சிரிச்சா எடது கண்ணு மட்டும் மூடும். எங்கயாச்சும் பாத்தீகளா?"

பார்த்ததில்லை என்றேன். மருதை அங்கிருந்து நழுவிவிட்டான்.

அதற்குப்பின் அவளைக் கண்டாலே அவன் வேறு பாதையில் திரும்புவான். அவளுக்கு அது வேடிக்கை. "என்னண்ணே, என்னையக் கண்டா புலியக் கண்டாப்புல ஓடுறீக? மாப்பிள்ளை கேட்டா வந்திருக்கேன்? எனக்குத்தான் ஒருத்தரு இருக்காரே" என்று ஆட்கள் முன்னால் கேலி செய்வாள். அப்படி ஒருநாள் மருதை என்னிடம் வந்து, "அண்ணே, அவ நெத்தியில குங்குமம் இருக்கு" என்றான். வேலையைப் பார் என்று விரட்டினேன்.

அப்போதுதான் ஆத்தாளிடம் பேரம் பேசினேன். இவளை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடு, உனக்குச் செங்கல் மண்டபம் கட்டுகிறேன் என்றேன். சொன்னபடி கட்டினேன். காத்தாயி போகவில்லை.

தை வந்தது. மலை ஓடையிலிருந்து லயத்துக்குக் குழாய் போட மேட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், நீளமான வெட்டு. வழக்கம்போல் பலகை நெருக்கி அடித்திருந்தேன். விடாத மழை. பொங்கலன்று காலை மழை விட்டதும், வேலை எப்படி இருக்கிறதென்று பார்க்க நானும் மருதையும் போனோம். லயத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மருதை வெட்டுக்குள் நடந்து பார்த்தவன், "அண்ணே, ரெண்டு பலகையக் காணோம். நான் அடைச்சிட்டு வாரேன்" என்று கீழிருந்தே குரல் கொடுத்தான். எந்த இடம் என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் மேடு முழுக்கச் சரிந்துவிட்டது.

ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே சேறு. ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து எங்கே தோண்டுவது என்று என் முகத்தைப் பார்த்தார்கள். என் காதில் பஸ்ரா மணல் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஆத்தா, இனிப் பேரம் பேச மாட்டேன், இவனைக் கொடு, நான் வாயைத் திறக்கிறேன் என்று அந்தச் சேற்றிலேயே விழுந்தேன்.

அப்போது லயத்திலிருந்து காத்தாயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"பலகைய நான்தான் எடுத்தேன். வெறகு எல்லாம் ஈரம், பொங்க வைக்க எடுத்தேன். அந்தா, மேட்டு மேல நிக்கிற கருகின மரக்கட்டைக்கு நேர் கீழ. அங்க தோண்டுங்க."

தோண்டினோம். சரிந்த இரண்டு பலகைக்கு நடுவில் மருதையின் தலை இருந்தது. மூச்சு இருந்தது.

அவனை வெளியே இழுத்துப் போட்டதும் அவள் மார்பில் அடித்துக்கொண்டு, நான் ஒரு உசிரைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுதாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாங்கள் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அவள் வாயைத் திறந்தாள், ஆள் பிழைத்தான். நாங்கள் மூடிக்கொண்டோம். சடையனுக்கு அந்த நேரம் மூச்சு இருந்ததோ என்னவோ. அது எனக்குத் தெரியாது. சாகும்வரை தெரியப்போவதில்லை.

எல்லோர் முன்னிலும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவள் அழுகை நின்றுவிட்டது. லயத்து அடுப்புப் புகையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவரு அந்தப் பொங்கலத் தின்னாரா?"

"இல்லம்மா. அவன் பங்க எடுத்து வச்சிருந்தோம்."

"அத யாரு தின்னா?"

சேற்றில் படுத்தபடியே மருதை சொன்னான்: "நாங்கதான், தங்கச்சி."

அவள் எங்களைத் திட்டவில்லை. தானே குங்குமத்தை அழித்தாள். ஓடைக்கரையில் சடையனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். அன்றைக்கு ஒன்று சொன்னாள். "இனி நான் யாரையும் விசாரிக்க வேணாம். ஆனா ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு என்னைய ஊரே சொல்லிச்சு. அவரு ஓடலன்னு கல்லுல வெட்டிப் போடுங்க." எங்களை மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருதை இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறான். எனக்கு இன்னும் சில நாள் காதில் மணல் கேட்கிறது. ஆனால் அதிலிருந்து ஓட நான் வேலை தேடுவதில்லை.

ஆத்தாள் நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. மறைக்கக் கேட்டேன், திறந்துவிட்டாள். உங்களில் யாருக்காவது நெஞ்சில் இப்படி ஒன்று புதைந்திருந்தால் மண்டபம் நேர்ந்துகொள்ளாதீர்கள். எடுத்த இடத்தைக் காட்டுங்கள். மிச்சத்தை அவள் தோண்டுவாள்.

இனிக் கோயில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்துக் கல்லில் என் பெயரைப் பெரிதாக வெட்டுகிறோம், சடையன் பெயரும் இருக்கட்டும், அந்தப் பலகைச் சமாச்சாரம் மட்டும் கோயிலுக்கு அசிங்கம், விட்டுவிடுங்கள் என்கிறீர்கள். முடியாது. மேலே சடையன் பெயர், அவன் ஓடவில்லை என்ற சேதியோடு. அதன் கீழே, இந்த மண்டபத்தைக் கட்டியவன் வீராசாமி, சடையனைக் காத்து நின்ற பலகையை எடுக்கச் சொன்னவனும் வீராசாமி. மருதை பெயர் வேண்டாம், அவன் நான் சொன்னதைச் செய்தவன். என்னைப் பற்றிய இரண்டு வரியும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். எனக்குச் சேர வேண்டியதை யாரும் குறைத்து எழுதக் கூடாது.