அண்டி ஆபீசில் வாசித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். போர்டு படிக்காமல், கண்டக்டர் கூவுவதைக் கேட்டே பஸ் ஏறி, திருவனந்தபுரம் பக்கம் கொத்தனார் வேலைக்குப் போய் வருகிறார். நான் மார்த்தாண்டம் வழியாக இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்த் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கிளை நூலகத்தில் எடுத்த ஏதாவது ஒரு புத்தகம் எப்போதும் என் பையில் இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு, கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்தபடி வாசிக்க எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வேலை அண்டி ஆபீசில். முந்திரிப்பருப்பு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஓடு உடைத்து, சூட்டில் வாட்டி வரும் பருப்பின் மேல் சிவப்பாக ஒரு தொலி ஒட்டியிருக்கும். பிச்சாத்தி என்கிற சின்னக் கத்தியால் அதைச் சுரண்டி, பருப்பு உடையாமல் வெள்ளையாக எடுக்க வேண்டும். நீளமான கூடத்தில் ஐம்பது அறுபது பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க அதைத்தான் செய்வார்கள். உரித்த எடைக்குத்தான் கூலி.

இரண்டாம் வருட விடுமுறையில் நானும் அம்மாவுடன் போனேன். ஒரு வாரத்துக்குள் என் லட்சணம் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் என் தட்டைக் குனிந்து பார்த்து, "இது பருப்பா, ரவையா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது.

அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு மூக்குத்தி அக்கா. அவர்தான் சொன்னார்: "ஏட்டி, நீ உரிச்சு கம்பெனிய மூடப் பண்ணாதே. பைக்குள்ள ஒரு புக்கு கெடக்குல்லா, அத எடுத்து வாசி. எங்களுக்குக் கைக்குத்தானே வேல, காது சும்மாத்தானே இருக்கு."

கூடத்தில் இருந்த ரேடியோ கெட்டுப்போய் நாளாகியிருந்தது. பெண்களின் பேச்சு குறைந்தால் சரி என்று சூப்பர்வைசரும் கண்டுகொள்ளவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். சாயங்காலம் எழுந்து போகிறபோது ஒவ்வொருவரும் தாங்கள் உரித்ததில் ஒரு கைப்பிடியை என் தட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் பேசிவைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. என் தட்டும் மற்றத் தட்டுகளைப் போல நிறைந்திருந்தது. அத்தனை வெள்ளையான பருப்பு அதற்கு முன் என் தட்டில் இருந்ததே இல்லை.

அந்தக் கூடத்தில் ஒரு சத்தம் உண்டு. உரித்த பருப்பு தகரத் தட்டில் விழும் சத்தம். அத்தனை கைகளிலிருந்தும் விழும்போது ஓட்டுக்கூரையில் மழை பெய்வது மாதிரி இருக்கும். வாசிக்க வாசிக்க நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கதை சலிப்பாக இழுத்தால் மழை வலுக்கும், கூடவே குசுகுசுவென்று பேச்சும் கிளம்பும். கதை பிடித்துக்கொண்டால் மழை மெலியும். கைகள் தங்களை அறியாமல் நிதானமாகிவிடும். எங்கோ யாரோ எழுதி அச்சடித்த ஒரு வரி இத்தனை பேரின் விரல்களைத் தொட்டு நிறுத்துகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒருநாள் வாசித்த நாவலில் ஆட்கள் எங்களைப் போலவே பேசினார்கள். "மக்கா, வந்தியா?" என்று ஒருத்தி கேட்பதை வாசித்ததும் கூடம் கலகலத்துவிட்டது.

"ஏ, நம்ம பேச்சுல்லா இது! இதையெல்லாமா அச்சுல போடுவினும்?" என்றார் மூக்குத்தி அக்கா.

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ அந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை. போடுவார்கள் என்றால் நானும் எழுதலாமே?

எழுதினேன். கதை இவ்வளவுதான். ஒருத்தியின் புருஷன் வளைகுடாவில் இருக்கிறான். அவனிடமிருந்து போன் வருவது நின்றுபோகிறது. ஊருக்கு வந்திருக்கும் அவனுடைய கூட்டாளியிடம் விசாரிக்க அவள் குளச்சலுக்குப் போகிறாள். அவனும் சரியாக ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு முக்கில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மழையில் நிற்கிறாள். அத்துடன் கதை முடிகிறது. முடிவை அப்படித் திறந்து விட்டதில் எனக்கு ஏகப் பெருமை.

இது என்னுடையது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தாள்களை ஒரு வாரப் பத்திரிகைக்குள் செருகிக்கொண்டு போனேன். எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. அந்த மழைச் சத்தம் மெலியவில்லை என்றால் எழுத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். வாசிப்பது மட்டும் போதும். முகத்துக்காகப் புகழ்வதற்கு இவர்களுக்கு நான் எழுதியது என்றே தெரியாது. கைகள் பொய் சொல்லாது.

வாசித்தேன். முதல் பக்கத்தில் மழை அதே வலுவில் பெய்துகொண்டிருந்தது. யாரோ வெற்றிலை கேட்டார்கள். என் குரல் உள்ளே போய்விட்டது. "சத்தமா வாசி பிள்ளே," என்றாள் அம்மா. குளச்சலில் அந்தக் கூட்டாளி அவள் முகத்தைப் பார்க்காமல் செல்போனை நோண்டிக்கொண்டே பேசும் இடம் வந்தது. சத்தம் குறைந்தது. அவள் பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒன்றிரண்டு பருப்புகள்தான் விழுந்தன. பிறகு அதுவும் இல்லை.

நான் தலை நிமிர்ந்தேன். ஒரு கைகூட அசையவில்லை. அந்தக் கூடத்தை வேலை நேரத்தில் அவ்வளவு அமைதியாக நான் கண்டதில்லை.

சூப்பர்வைசர் அறையிலிருந்து ஓடிவந்தார். "என்னவாக்கும், ஆருக்காவது வல்லதும் ஆச்சா?"

"நீங்க போங்க அண்ணே," என்று மூக்குத்தி அக்கா அவரை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "பெறவு?"

"முடிஞ்சு போச்சு அக்கா."

"முடிஞ்சா? அவ ரோட்டுல நிக்கால்லா!"

"அதுதான் முடிவு."

"சவம், இதொரு முடிவா?" என்றார் ஒருவர். இன்னொருவர் அவள் தம்பிக்குப் போன் பண்ணியிருக்கலாமே என்றார். "போன்ல சார்ஜ் தீந்துட்டுன்னு அந்தப் பிள்ள வாசிச்சால்லா, உனக்கக் காது எங்க போச்சு?" என்று மற்றொருவர் பாய்ந்தார். ஆட்டோ பிடிக்கலாமா, மழையில் தெரியாத ஆட்டோவில் ஏறலாமா என்று வேலை விடும்வரை சண்டை. யாரும் அவளைக் கதையில் வருகிறவள் என்று பேசவில்லை. அடுத்த தெருக்காரியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து சேரவும் உண்மையான மழையே பிடித்துக்கொண்டது. நான் ஒரு டம்ளர் சாயாவோடு உட்கார்ந்திருந்தேன், அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கையோடு வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வண்டி வல்லதும் கெடச்சிருக்குமா மக்கா?"

அவள் யாரைக் கேட்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. எங்கள் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து நான் உண்டாக்கிய பெண்ணுக்காக, எழுத்துக்கூட்டக்கூட மறந்துபோன என் அம்மா ரோட்டைப் பார்த்து நிற்கிறாள்.

"அம்மா, அந்தக் கதைய எழுதுனது நான்."

"நீயா?"

"ம்."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கும் என்றுகூட நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்போ நீதான் அவள அங்க விட்டுட்டு வந்தியா?"

"கதைன்னா அப்படித்தான் அம்மா, வாசிக்கிறவங்களே நினைச்சுக்கிடணும்..."

"நல்ல படிப்பு. ஒரு பொம்பளப் பிள்ளைய மழையில நிறுத்திட்டு, இவ வந்து சாயா குடிக்கா. போ, கொண்டுபோய் அவளுக்க வீட்டுல சேத்துட்டு வா. நாளைக்கு அங்க எல்லாரும் கேப்பினும்."

"கொஞ்சம் இரு அம்மா. மழை விட்டதும் உக்காந்து எழுதுறேன்."

"அவ நிக்க எடத்துல மழ விடணும்னாலும் நீ எழுதினாத்தானே விடும்?" என்று சொல்லிவிட்டு அம்மா மீனுக்குத் திரும்பினாள்.

நான் சமையல்கட்டு மேசையில் கிடந்த தேங்காய்த் துருவலை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தாளை எடுத்தேன். முதலில் மழையை நிறுத்தினேன். பிறகு தூரத்தில் ஒரு வண்டியின் வெளிச்சத்தை எழுதினேன். அம்மா மீன்சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே, "ஏறிட்டாளா?" என்று கேட்டாள்.