அத்தை வளைத்த தகடு

பல் டாக்டரை அத்தையாகப் பெற்ற குழந்தைகளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பாவின் தங்கையான அத்தைக்கு மலேசியாவின் பீடோங் ஊரில் கிளினிக். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் என்பதால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் துணிவில்லை. எனக்கு எட்டு வயதில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சொத்தை விழுந்தது. அத்தை அடைத்தார். அன்றைக்கே ஆட்டுக்கறி நார் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் ஊரைக் கூட்டினேன்.

அத்தை கோபித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவரோ யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அடைக்கும்போது பல்லைச் சுற்றிப் போடும் தகடு தட்டையாக இருப்பதால் அடைப்பும் தட்டையாகிவிடுகிறதாம். பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லையாம். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எங்கள் சாப்பாட்டு மேசையில் மெல்லிய எஃகுத் தகட்டை வெட்டி, அம்மாவின் குழிக்கரண்டி முதுகில் வைத்துத் தேய்த்து, தொப்பை தள்ளியதுபோல் வளைப்பார். உடனே கிளினிக். பழைய அடைப்பை எடுத்து, புதுத் தகட்டைப் போட்டு அடைப்பார். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து, ஆட்டுக்கறியை என் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். கறியைக் கண்டாலே எனக்கு அழுகை வந்தது.

"விழப்போற பால்பல்லுக்கு எதுக்கு இந்தப் பாடு லா? புடுங்கிப் போடு," என்றார் அப்பா.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "நல்லாருக்குன்னு சொல்லிடு. அத்த மனசு நோகும்," என்று கிசுகிசுத்தார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நேரே போய், "மாட்டுது! இன்னும் மாட்டுது!" என்று அத்தையின் காதிலேயே கத்தினேன்.

அத்தையின் முகம் மலர்ந்தது. "நீ ஒருத்திதான் உண்மைய சொல்ற லா. எங்க மாட்டுது, மேலயா கீழயா?"

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, புது அடைப்புக்குப் பின் அத்தை இடுக்கில் நூலை விட்டபோது அது 'டிக்' என்று இறுக்கமாய் இறங்கியது. வீட்டில் கறியும் மாட்டவில்லை. விடுதலை என்று நான் குதித்தேன்.

"அண்ணி, அடுத்த வாரம் நீங்க வாங்க," என்றார் அத்தை.

அம்மா தலை குனிந்தபடி தட்டுகளை எடுத்தார். இனி அம்மாவின் பாடு என்று எனக்கு ஒரே சந்தோஷம். முன்பு அத்தை அடைத்த பல்லில் கறி மாட்டுவதை நாத்தனாரிடம் சொல்லக் கூசி அம்மா வருடக்கணக்காக ஒரே பக்கமாய் மென்றுவந்தார் என்பதும், அதை அத்தை கவனித்துக்கொண்டே இருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.