தராசுக்கு வராத கட்டுமரங்கள்

1. நைலான் வலை வந்த பிறகு கட்டுமரம் ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சராசரி பன்னிரண்டு கிலோ மீன் கிடைக்கிறது, ஆகவே மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள குப்பத்துக்கு மழைக்கால நிவாரண அரிசி வேண்டியதில்லை என்று எங்கள் செங்கல்பட்டு அலுவலகம் சொன்னது.

2. குப்பத்தார் மறுத்து மனு கொடுத்தார்கள்.

3. புள்ளியியல் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த என்னிடம் தராசைக் கொடுத்து, சரிபார்த்து வரச் சொன்னார்கள்.

4. கரையேறிய கட்டுமரங்களில் ஐந்துக்கு ஒன்றை நிறுத்தி மீனை எடைபோட்டேன். சராசரி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம். அதை வைத்து அலுவலகம் சொன்னதைத் தவறென்று சொல்ல முடியாது.

நனைந்த புடவையோடு பஸ் மாறி மாறிப் போய்வந்ததில் உடம்பெல்லாம் வலித்தது. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் காலையில் கடலில் இறங்கிய மரங்கள் அத்தனையும் என் முன்னால் கரையேறவில்லை. மீன் வாங்க வந்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"மீன் கெடைக்காதவன் சவுக்குத் தோப்பாண்ட போய் ஏறுவான். வெறும் வலையோட வர்றவன எவ்ளோன்னு கேக்கக் கூடாதும்மா. கேட்டா நாளைக்கும் அதே கதிதான்."

அப்படியென்றால் மீனோடு வந்தவர்களை மட்டுமே நான் எடைபோட்டிருக்கிறேன். மற்றவர்களும் தராசுக்கு வர வேண்டும் என்றேன்.

"இன்னாத்த எடை போடுவே? காத்தயா?" என்றார் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர்.

"பூஜ்யம்னு எழுதுவேன். அப்பதான் சராசரி இறங்கும்."

"என் பேருக்கு நேரா சைபரா? பொண்ணு குடுக்கிறவன் பாத்தா இன்னா ஆவறது?"

"அண்ணாத்த, உன் வூட்ல அடுப்பு எரியலன்னு ஊருக்கே தெரியும். தராசுக்கு மட்டும் இன்னா வெக்கம்?" என்றார் அந்த அம்மா.

பெயர் எழுத மாட்டேன், எவ்வளவு என்று வாய் திறந்து கேட்கவும் மாட்டேன், என் கண்ணெதிரே கரையேறினால் போதும் என்றேன். அதற்குச் சம்மதித்தார்கள்.

அடுத்த வாரம் முழுக்க, மரங்கள் கடலில் இறங்கும்போதே ஐந்துக்கு ஒன்றாகக் குறித்துக்கொண்டேன். மீனோடு வந்தவற்றை எடைபோட்டேன். வெறும் வலையோடு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனார்கள். நானும் தலை நிமிராமல் பூஜ்யம் போட்டேன். சராசரி பன்னிரண்டில் பாதிகூட வரவில்லை. இந்த முறை தற்செயல் என்று தள்ள வழியே இல்லை.

செங்கல்பட்டில் அதிகாரி என் அறிக்கையைப் புரட்டினார்.

"பூஜ்யமெல்லாம் மீன்பாடாம்மா? மீன் பிடிச்சவங்களோட சராசரியத்தானே கேட்டோம்?"

"கடலுக்குப் போனவங்களோட சராசரி சார். மனு கொடுத்தவங்க அவங்கதான்."

"வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்."

இரண்டு முறை நினைவூட்டினேன். பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இப்போது தை பிறந்துவிட்டது, மழையும் நின்றுவிட்டது. அறிக்கை அவர் மேசையில் இருக்கிறது. அலுவலகக் கணக்கில் சராசரி இன்னும் பன்னிரண்டு கிலோதான். அரிசி வரவில்லை.