நாலு பேருக்கு மேல் இலை போடாத மெஸ்

என் கணவர் மதுரையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வருஷா வருஷம் தற்காலிக உரிமம் வாங்கி தீபாவளிக்குப் பட்டாசுக் கடையும் போடுவார். முதல் ஊரடங்கு வருஷம் ஆர்டரைப் போனிலேயே சொல்லி, கேட்டது ஒன்றும் வந்தது வேறொன்றுமாகப் பட்ட பாடு போதும் என்று, இந்த முறை நேரிலேயே போவதாக முடிவானது. இரண்டாவது அலை அடங்கி, ஓட்டல்களில் பாதி இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விட்டிருந்த சமயம். எனக்கும் பட்டாசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் சமையலையே நான் ஒன்றரை வருஷமாகச் சாப்பிட்டு நொந்து போயிருந்தேன், அதனால் வண்டியில் ஏறினேன். இதை ஒளிக்க என்ன இருக்கிறது?

நாங்கள் இருவர், மகன், மகள், டிரைவர் முத்து, ஆக ஐந்து பேர். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பைபாஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றில் வாசலிலேயே நெற்றியில் துப்பாக்கி வைத்துச் சூடு பார்த்தார்கள். ஏசியில் வந்ததாலோ என்னவோ எனக்குத் தொண்ணூற்று மூன்று காட்டியது. அது உயிரோடு இருப்பவர் கணக்கா என்று கேட்டேன், அந்தத் தம்பி சிரிக்காமல் உள்ளே விட்டார். ஒன்று விட்டு ஒரு மேஜையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது, சர்வர்கள் முகத்துக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். எல்லாம் சரி, ஆனால் கைகழுவும் இடத்தில் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இட்லி நன்றாக இருந்தது. ஐந்து பேருக்கு நானூற்று இருபது ரூபாய்.

அங்கிருந்து சாத்தூர் அரை மணி நேரம். காரச்சேவு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பினோம். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு கம்பெனியின் ஆபீஸில் என் கணவருக்கு வேலை. ஒன்பதரைக்கு உள்ளே போனவர் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தார். அதற்குள் காரச்சேவு காலி. எனக்குப் பசி வந்துவிட்டால் மரியாதை போய்விடும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேறு பேச்சே இல்லாமல் முத்து வெம்பக்கோட்டைச் சாலையில் கண்ணில் பட்ட முதல் மெஸ்ஸில் வண்டியை நிறுத்தினார்.

தகரக் கூரை, நடுவில் சமையல்கட்டு, இரண்டு பக்கமும் வாசல் வைத்த இரண்டு அறைகள். சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில், 'ரூம் எண் 1, ஆட்கள் 4' என்று எழுதியிருந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. அதற்குக் கீழே 'செல்போன் கொண்டு செல்லக் கூடாது' என்று வேறு. வெடி விபத்துக்குப் பயந்து பட்டாசுக் கம்பெனி அறைகளில் எழுதியிருப்பது போலவே இருக்கிறதே என்று பார்த்தால், அதே பெயிண்டர்தானாம். எழுதச் சொன்னது முதல் வரி மட்டும்தான். கைப்பழக்கத்தில் இரண்டாவது வரியையும் சேர்த்துவிட்டார். மெஸ்காரர் செல்வராணிக்கு அதுவும் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். போன் இல்லாவிட்டால் ஆட்கள் சாப்பிட்டதும் எழுந்துவிடுகிறார்களாம். இந்தப் பதிவில் சாப்பாட்டுப் படம் இல்லாததற்குக் காரணம் இதுதான். வாசல் கூடையில் ஐந்து போன்களையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

போனோம் என்றா சொன்னேன்? நாலு பேர் போனோம். ஐந்தாவதாக முத்து காலெடுத்து வைத்தபோது செல்வராணி கரண்டியை நீட்டித் தடுத்தார். ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள், இதில் என்ன கொரோனா என்று நான் சண்டைக்கு நின்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. அவர் கோபப்படவில்லை. முத்துவுக்குப் பக்கத்து அறையில் இலை போட்டுவிட்டு வந்து, எனக்குச் சோறு வைத்துக்கொண்டே பேசினார்.

"நானும் கம்பெனிக்குப் போனவதான்க்கா. ரூம்ல நாலு பேருன்னுதான் எழுதியிருந்துச்சு. சீசன்னு எட்டுப் பேர உக்கார வச்சாக. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன். எங்க அக்கா உள்ள இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நான் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

ஊரடங்குக்கு முன்னால் இந்த அறைகளிலும் எட்டெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதி இருக்கை என்று அரசாங்கம் சொன்னதும் எட்டு நாலானது. கிருமிக்குச் சொன்ன கணக்கும் வெடிக்குச் சொன்ன கணக்கும் ஒன்றாக வந்து நின்றதில், இனி யார் சொன்னாலும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். மற்ற விதிகளையும் விடவில்லை. வாழை இலை, காகித டம்ளர், வாசலில் குழாயும் சோப்பும். பெரிய ஓட்டலில் பார்க்காத ஒழுங்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று பத்துக்குக் கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. பதினாறு பெண்கள் இறங்கினார்கள், கூடவே ஒரு போர்மேன். சீசன் நேரத்தில் விடிவதற்கு முன்பே வேன் ஏற வேண்டியிருப்பதால் அவர்களால் சமைத்து எடுத்து வர முடிவதில்லை. அதனால் கம்பெனியே இந்த மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. இரண்டு ஊரடங்கிலும் அடைத்துக் கிடந்த மெஸ்ஸைச் செல்வராணி மறுபடி திறந்ததே இந்த ஆர்டரை நம்பித்தான். அந்த ஆர்டருக்கு அன்றுதான் முதல் நாள்.

பெண்கள் வரிசையாக நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கையில் ஒட்டியிருந்த வெள்ளி நிற மருந்துத் தூள் லேசில் போவதாக இல்லை. போர்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு அறையில் நாங்கள் நாலு பேர், இன்னொன்றில் முத்துவும் ஒரு லாரிக்காரரும். அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும், பழையபடி எட்டெட்டாக உட்கார வை, ஒரே பந்தியில் முடியும் என்றார். செல்வராணி மாட்டேன் என்றார். இங்கே எந்த அதிகாரி வரப்போகிறார் என்றார் போர்மேன்.

"அப்ப நாளையிலருந்து வேன் வேற கடைக்குப் போகும். பெறகு எங்கிட்ட வந்து நிக்காத."

செல்வராணி சாம்பார் வாளியோடு நின்றார். கூடுதலாக நாலு பேரை உட்கார வைத்தால் என்னதான் ஆகிவிடும், ஒத்துக்கொள்ளேன் அம்மா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நாலு பேருதான் அண்ணாச்சி."

நான் ரசம் சாப்பிடாமலேயே எழுந்தேன். பிள்ளைகளையும் கிளப்பினேன். மகன் அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தான். லாரிக்காரரும் முத்துவும் எழுந்துவிட்டார்கள். முதல் எட்டுப் பெண்கள் நாலு நாலாக உள்ளே போனார்கள். மீதி எட்டுப் பேரும் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள்.

போர்மேனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பாதியிலேயே வேனில் ஏறி ஹாரன் அடித்தார். சாப்பிட்டவர்களும் ஏறவில்லை, மரத்தடியில் நின்றவர்களும் ஏறவில்லை. இரண்டாவது பந்தி நடக்கும்போது இன்னும் இரண்டு முறை அடித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றே முக்காலுக்குப் போக வேண்டிய வேன் இரண்டே காலுக்குத்தான் கிளம்பியது.

கடைசியாக ஏறிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். படியில் ஒரு கால் வைத்து நின்று, முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் போர்மேனைப் பார்த்தார்.

"சாப்பிடுற எடத்துல நாலு பேரு உக்காந்தோம்ல அண்ணாச்சி. இப்பப் போயி வேலைக்கும் ரூமுக்கு நாலு பேருதான் உக்காருவோம். அஞ்சாவது ஆளு வெளிய நிப்பா."

வேன் போய்விட்டது.

பிறகு வெம்பக்கோட்டை அணைக்குப் போனோம். தண்ணீர் பாதிக்கும் கீழே, வெயில் மண்டையைப் பிளந்தது, பத்து நிமிஷம் போதும். சிவகாசிக்குப் போய், இன்னும் இரண்டு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு, திருத்தங்கல் வழியாகத் திரும்பி, ஆறரைக்கு விருதுநகர் எண்ணெய் பரோட்டா. கடைக்குள் கூட்டத்தைப் பார்த்தால் கொரோனா என்ற ஒன்று வந்ததே தெரியாது. மேஜையில் ஒட்டிய டேப் மேலேயே இலை போட்டிருந்தார்கள். பார்சல் வாங்கி வண்டியில் வைத்துச் சாப்பிட்டோம். எண்ணெய் பரோட்டாவைப் பார்சலில் சாப்பிடுவது வீண், கல்லிலிருந்து இலைக்கு வந்தால்தான் அதற்கு மொறுமொறுப்பு. ஆனால் அன்றைக்கு எனக்குப் பரோட்டாவில் மனசே இல்லை.

போகிறவர்களுக்கு: மொத்தம் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடியது, டீசலும் டோலுமாக இரண்டாயிரம் ரூபாய்க்குள். சாத்தூர்–வெம்பக்கோட்டைச் சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் குறைவு, ஒரு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். நான் சொன்ன மெஸ்ஸில் சாப்பாடு எண்பது ரூபாய், முட்டை தனி. நாலு பேருக்கு மேல் போனால் பிரிந்து உட்காரத் தயாராகப் போங்கள். என்னைப் போலச் சண்டை போடாதீர்கள்.

மெஸ் எத்தனை மணி வரை என்று சரியாக எழுதுவதற்காக நேற்று செல்வராணிக்குப் போன் செய்தேன். பன்னிரண்டிலிருந்து மூன்று என்றார். வேன் வருகிறதா என்று கேட்டேன்.

"அது மறுநாளே நின்னுபோச்சுக்கா. அந்தப் பிள்ளைக ராத்திரியே சோறாக்கி வச்சு, தூக்குச்சட்டில கம்பெனிக்குக் கொண்டு போகுதுக."

அன்றைக்குச் சொன்னார்களே, கம்பெனி அறையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேட்டேன்.

"நாலு பேருதான். அதுககிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், கம்பெனில எம்புட்டு நாளைக்கு விடுவாகன்னு தெரியல. இன்னைக்கு வரைக்கும் நாலு பேருதான்க்கா."