பின்சீட்டில் ஒரு மூட்டை

எனக்குக் கல்யாணச் சீராக அப்பா வாங்கிக் கொடுத்த காரில் அப்பா ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. "குடுத்த பொருள்ல நாமளே ஏறி உக்காந்தா, அது குடுத்த மாதிரியா கண்ணு?" என்பார். காங்கேயத்திலிருந்து எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பஸ்தான். திருப்பூரில் இறங்கி, தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். இது ஊர் வழக்கமெல்லாம் இல்லை, அவராகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தக் காரைத்தான் என் வீட்டுக்காரர் தாழ்த்தி வைத்திருந்தார். பனியன் தைக்கிற யூனிட் நடத்துகிறவர். ஆர்டர், டெலிவரி என்று பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷனுக்கு, தனக்கென்று இருந்த ஒரே ஆசை அந்தக் கார். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டு, சக்கரம் பாதி உள்ளே மறைகிற அளவுக்கு இறக்கிவிட்டார். சிநேகிதர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். "ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று நான் சீண்டினால் சிரித்துக்கொள்வார். கல் கிடந்தால் இடிக்கும், மேடு வந்தால் உரசும். அதுவரைக்கும் அது எங்களுக்குச் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குப் புற்று வந்து முதுகெலும்பில் இறங்கியிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், ஞாயிறு தவிர தினமும் கூட்டி வரவேண்டும், நடுவில் விட்டால் கால் இரண்டும் விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா எங்கள் வீட்டில் வந்து தங்கினார். ஆம்புலன்ஸ் என்றேன், வாடகைக் கார் என்றேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

"மாப்பளை ஊட்டுல காரு நிக்கறப்ப நான் வாடகைக் கார்ல போனா, அவரு காரு குடுக்கலைன்னு நாலு பேரு பேசுவாங்க. அந்தப் பேரு அவருக்கு வரக் கூடாது கண்ணு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்காகத் தன் சட்டத்தையே உடைத்து அந்தக் காரில் ஏறுகிறேன் என்றார். முதுகு நொறுங்கிக்கொண்டிருக்கும்போதும் மாப்பிள்ளையின் பேர்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

முதல் நாள் சனிக்கிழமை. நான்தான் ஓட்டினேன். பின்சீட்டு என் முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை. அப்பாவைக் கதவைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பில் கை கொடுத்து, கிணற்றில் குடத்தை இறக்குகிற மாதிரி இறக்கினேன். தெருவைத் தாண்டவில்லை, குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் வந்தது. அப்புறம் ஸ்பீட் பிரேக்கர், பாலத்து இணைப்பு, மறுபடி ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றும் நேராக அவர் முதுகில்தான் போய் இறங்கியது. போதாததற்கு ஸ்டியரிங் இடப்பக்கமாகவே இழுத்தது, கொஞ்சம் வேகமெடுத்தால் நடுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா தோள் துண்டைச் சுருட்டி வாயில் கடித்திருந்தார்.

திரும்பி வந்து, அவரைக் காரிலிருந்து நான் ஒருத்தியே தூக்கி வெளியே எடுத்தேன். கட்டிலில் படுத்ததும் சொன்னார். "திங்கக்கெழம வேண்டாம் கண்ணு. கரண்டு நோவே தெரியல. இந்த ரோட்டு நோவுதான் தாங்க முடியல. இப்படியே கெடந்துக்கறேன், உடு."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். "ஏனுங்க, அந்தக் காரை மொதல்ல இருந்த மாதிரி ஏத்திக் குடுங்க."

"அலைன்மெண்ட் போயிருச்சு, அதான் இழுக்குது. கேம்பரச் சரி பண்ணுனா எல்லாம் நின்னுரும். ஹைட்ட மட்டும் தொடாத."

"எங்கப்பா எலும்பு நொறுங்குது, உங்களுக்கு ஹைட்டுங்களா?"

"நான் குடிக்கறனா, சீட்டாடறனா? இந்தப் பொழப்புல எனக்குன்னு ஆசப்பட்டது இது ஒண்ணுதான்."

அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையில், மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கட்டிக் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளை டிக்கியில் போட்டுக்கொண்டு, தாராபுரம் ரோட்டில் இருக்கிற அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

"அக்கா, இங்க தொட்டுப் பாருங்க."

வெளிப்பக்கம் டயர் நன்றாக இருந்தது. உள்பக்கம் ரப்பர் தேய்ந்து விரலில் கம்பி குத்தியது.

"தாழ்த்துனதுல சக்கரத்தோட தல உள்ள சாஞ்சிருச்சுங்க. அதத்தான் கேம்பர்ங்கறது. எடையெல்லாம் உள்ஓரத்துல நிக்குது. இத ஓட்டிட்டுக் கோயமுத்தூரு போனீங்களா? சாமி புண்ணியம், போங்க."

கேம்பரை மட்டும் நிமிர்த்தினால் போதுமா என்று கேட்டேன்.

"இழுக்கறது நிக்கும். குலுக்கறது நிக்காதுங்க. அது ஸ்பிரிங்கு பண்ற வேல."

டிக்கியைத் திறந்து காட்டினேன். "இதப் போட்டுருங்க."

"அண்ணன் வந்து சத்தம் போட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. என்ன பண்ணிருவாரு, பாக்கலாம்."

ஸ்பிரிங் மாறியது, முன்னால் புது டயர் ஏறியது. கார் மெல்ல நிமிர்ந்து நின்றது. நாலு சக்கரத்திலும் கோணம் அளக்கிற தட்டு மாட்டி, என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையில் எண்களெல்லாம் தப்பென்று சிவப்பாக இருந்தன.

"வண்டி எந்த எடையோட ஓடுமோ, அந்த எடைய வெச்சுப் பாக்கறதுதாங்க நம்ம பழக்கம். பின்னாடி ஐயா எந்தப் பக்கம் உக்காருவாரு?"

"இடது பக்கமுங்க."

"ஆளு எப்படி?"

"நல்ல ஆகிருதிங்க. தேங்கா மூட்டயத் தோள்ல போட்டுட்டு நடக்கறவரு" என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் சுவரோரம் கிடந்த மணல் மூட்டைகளில் ஒன்றை இழுத்து வந்து பின்சீட்டில் வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். அப்போதுதான் முந்தின நாள் அப்பாவைத் தூக்கினது என் கைக்கு ஞாபகம் வந்தது. நான் ஒருத்தி, மூச்சு வாங்காமல் தூக்கியிருந்தேன்.

"ஒண்ணு போதுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். மூட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, போல்ட்டைத் திருகப் போனார். எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. அதுவரை நான் கண்ணாடியில் அந்த மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து நிற்கிற காரைக் காட்டி, கெஞ்சித்தான் திங்கட்கிழமை அப்பாவைக் கிளப்பினேன். என் கையைப் பிடிக்காமல் தானே உட்கார்ந்தார். அவிநாசி தாண்டும்போது தூங்கிவிட்டார். துண்டு மடியில் கிடந்தது.

வீடு வந்ததும், "மாப்பளை காரு தேராட்டப் போகுதுன்னு அவருகிட்டச் சொல்லு" என்றார். வீட்டுக்காரர் ஸ்பிரிங் மாறியதிலிருந்து என்னோடு பேசவில்லை. இருந்தாலும் சொன்னேன். "அப்படியா சொன்னாரு?" என்றார். அப்படியே யூனிட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

கரண்டு முழுசாக வைத்து முடித்தோம். கால் விழவில்லை. கடைசிவரை பாத்ரூமுக்குத் தானே நடந்து போனார். ஆனால் நோய் வேறு பக்கம் பரவியிருந்தது. எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் பார்த்தால் வாசலில் கார் மறுபடியும் தாழ்ந்து நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. யாருக்காகப் போடுவது?

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஸ்டியரிங் பழையபடி இடது பக்கம் இழுத்தது. வழியில் அதே கடையில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தார், நான் பட்டுச் சேலையோடு வெளியே நின்றேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஒன்றும் கேட்காமல் ஒரே ஒரு மணல் மூட்டையை இழுத்து வந்து, பின்கதவைத் திறந்தார்.

"ஐயாவுக்கு இப்பத் தேவலைங்களாக்கா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லட்டும் என்று நின்றேன்.

"மூட்டை வேண்டாமுங்க" என்றேன். "பின்னாடி ஆரும் இல்லீங்க."

கடைக்காரர் மூட்டையைத் திரும்பச் சுவரோரம் இழுத்துப் போட்டார். காலிச் சீட்டோடு வைத்துக் காரை நேராக்கிக் கொடுத்தார்.