பிரேக்கின் மேல் இருந்த கால்

ஓட்டுநர் உரிமத் தேர்வு மைதானத்தில் அவருக்குப் பெயர் ‘பிரேக் சார்’. ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம். நெடுந்தூரப் பேருந்து ஓட்ட ஆசைப்பட்ட மனிதர்தான். “மாசம் பொறந்தா சம்பளம், அதை விட்டுட்டு ஊர் சுத்தப் போறியா?” என்று அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து இருக்கைக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அதே வட்டம், அதே மேடு, அதே சுவர்த் திருப்பம். ஆபத்துக்கு உதவ அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. சாப்பிடும்போது தரையை மிதிக்கும், தூக்கத்தில் மனைவியை மிதிக்கும்.

“உங்க பக்கத்துல படுக்கவே ஒரு லைசென்ஸ் வேணும்” என்பாள் அவள்.

ஒருநாள் கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து கேட்டாள்: “அப்பா, இதே நாள், ஒண்ணும் மாறாம, முடிவே இல்லாம திரும்பத் திரும்ப வரும்னு வெச்சுக்கோ. சந்தோஷமா சரின்னு சொல்வியா?”

“நான் ஏற்கெனவே அப்படித்தானே சுத்திக்கிட்டிருக்கேன்?” என்று சிரித்து மழுப்பினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் மைத்துனனுக்குத் தேர்வு. தேறினால் பள்ளி வேன் ஓட்டும் வேலை. உறவுக்காரன் என்று அலுவலகத்தில் அவர் மூச்சு விடவில்லை. அதுவே உறுத்தல்.

“என் தம்பி இப்பதான் ஒரு இடத்துல நிலைக்கப் போறான். காரியத்தைக் கெடுத்துடாதீங்க” என்றாள் மனைவி.

மைத்துனன் நன்றாகத்தான் ஓட்டினான். சுவர்த் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வண்டி சட்டென்று நின்றது.

“பாத்தீங்களா மாமா, எப்படி நிறுத்தினேன்!”

பிரேக் சார் குனிந்து பார்த்தார். அவர் காலும் பிரேக்கின் மேல் இருந்தது. நிறுத்தியது யார்? அவருக்கே தெரியவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மகள் கேட்ட கேள்வி சனியனாய்த் தலைக்குள் சுற்றியது. இந்தக் கையெழுத்து எத்தனை முறை திரும்பி வந்தாலும் போடுவாரா? பள்ளி வேனில் இவர் கால் இருக்காதே.

“இரு, வரேன்” என்று இறங்கினார். காவலாளியிடம் சொல்லி, திருப்பத்தில் சுவர் மறைக்கும் இடத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைக்கச் செய்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் இருக்கை மேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“என்ன மாமா, இது என்ன வீட்டு சோபாவா?”

“இன்னொரு ரவுண்டு போ.”

அதே வட்டம், அதே மேடு. திருப்பத்தில் பெட்டி தெரிந்ததும் அவர் கால் துடித்தது. முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். பெட்டி நசுங்கி வண்டிக்கு அடியில் போனது.

மைத்துனன் முகம் வெளிறித் திரும்பினான். “மாமா, நீங்க ஏன் பிரேக் போடல?”

அவர் ‘தேறவில்லை’ என்று எழுதினார். வீட்டில் விழப்போகும் திட்டு கண்முன் வந்தது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இத்தனை வருஷமாகத் தன் கால் எத்தனை பேரைத் தேறவைத்து ரோட்டுக்கு அனுப்பியிருக்குமோ?

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ரோட்டைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.